கையை விட்டால் நிற்கும் மிஷின்

பதினைந்து நாளைக்கு முன்பு, குற்றாலத்தில், ஒரு செம்பருத்தி வேலிக்குள் தலைகுப்புற விழுந்தேன்.

அருவியில் வழுக்கி விழுந்தேன் என்றால்கூட ஒரு கௌரவம் இருந்திருக்கும். ஊரில் பாதிப் பேர் அப்படி விழுந்தவர்கள்தான். நான் விழுந்தது ஒரு புல் வெட்டும் மிஷினின் புண்ணியத்தால்.

வீட்டு முற்றத்தில் தள்ளிக்கொண்டு போகிற சின்னச் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். இது பெரியது. முன்னால் கட்டில் அகலத்துக்கு ஓர் இரும்புத் தட்டு — அதன் அடியில் பிளேடுகள். மேலே இன்ஜின். பின்னால் இரண்டு கொழுத்த சக்கரங்கள். அதற்கும் பின்னால் சைக்கிள் ஹேண்டில்பார் போல ஒரு கைப்பிடி. மிஷின் தானாகவே நகரும். நாம் பின்னாலேயே நடந்து அதற்கு வழி காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றுதான் நானும் நினைத்தேன்.

இடது பிடியை அழுத்தினால் இடது சக்கரம் நிற்கும். மிஷின் இடப்பக்கம் திரும்பும். வலது பிடியை அழுத்தினால் வலப்பக்கம். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் நிற்கும். ஒன்றாம் வகுப்புப் பாடம் மாதிரி இருக்கிறதல்லவா? ஆனால் முப்பது வருடம் பைக் ஓட்டிய கை இருக்கிறதே... அதற்குப் பயம் வந்தால் ஒன்றே ஒன்றுதான் தெரியும். வலது பக்கத்தை மட்டும் இறுக்கும். பிரேக்காம்!

மிஷின் சொன்ன பேச்சைக் கேட்டது. வலப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம்தான் வேலி.

நல்லவேளை, பிளேடை இன்னும் சுற்றவிட்டிருக்கவில்லை. பதற்றத்தில் கைப்பிடியை விட்டேன். மிஷின் சட்டென்று நின்றது. நான்தான் நிற்கவில்லை.

வேலிக்குள்ளிருந்து எழுந்தபோது ஒரு பெண்குரல்: "அண்ணாச்சி, அடி கிடி படலியே? சரி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. எனக்கு நேரமாவுது."

அவர்தான் பேச்சியம்மாள். இந்த வாரம் நான் சொல்லப்போவது அவர் கதையை. அவர் கணவர் முருகையாவின் கதையையும்தான்.

என் பள்ளித் தோழன் தங்கதுரைக்குச் சுரண்டையில் ஹார்டுவேர் கடை. குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகும் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, எட்டு காட்டேஜ்களும் வைத்திருக்கிறான். சீசன் இல்லாத மாதங்களில் அதில் ஒன்றில் உட்கார்ந்து எழுத எனக்கு அனுமதி உண்டு. தென்காசியில் உன் வீட்டிலேயே எழுதலாமே என்பீர்கள். எழுதலாம். காலிங் பெல் விடாது.

காட்டேஜ்களுக்கு நடுவே ஒரு பெரிய புல்வெளி. சாலைப் பக்கம் சமதரையாக ஆரம்பித்து, போகப் போகச் சரிந்து, ஓர் ஓடையில் போய் முடியும். சீசனுக்கு வருகிறவர்கள் அருவியில் குளித்துவிட்டு, எண்ணெய் வாசனையோடு அதில்தான் வந்து சாய்வார்கள். இந்தப் புல்வெளிக்காகவே வருடா வருடம் வருகிற குடும்பங்கள் உண்டு.

அதை ஆறு வருடமாகப் பார்த்துக்கொண்டவர் முருகையா. கடையம் பக்கம் ஒரு கிராமத்துக்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும். புல்லும் செடியும் அவர் பொறுப்பு; அறைகளைச் சுத்தம் செய்வதும் போர்வை துவைப்பதும் பேச்சியம்மாள் பொறுப்பு. ஒரே மகளைச் செங்கோட்டையில் கட்டிக்கொடுத்துவிட்டு, இருவரும் காட்டேஜ்களுக்குப் பின்னாலிருந்த சின்ன வீட்டில் குடியிருந்தார்கள்.

முருகையா மிஷின் ஓட்டுவதை விருந்தாளிகள் காபி டம்ளரோடு வந்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அவர் வெட்டி முடித்தால் புல்லில் பட்டை பட்டையாகக் கோடு விழும். ஜமுக்காளம் விரித்த மாதிரி.

போன வருடம், சீசன் முடிகிற நேரம். சாரல் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஈரப் புல் தட்டுக்கடியில் போய் அடைத்துக்கொண்டது. முருகையா குனிந்து, வெட்டிய புல் வெளியே வந்து விழும் வாய்க்குள் வலது கையை விட்டார்.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பேச்சியம்மாள் அவர் கூப்பிட்ட சத்தம் கேட்டு ஓடிவந்து, கையிலிருந்த வெள்ளைப் பெட்ஷீட்டை அப்படியே சுற்றினாராம். தங்கதுரைதான் காரில் ஏற்றித் தென்காசி ஆஸ்பத்திரிக்குப் பறந்தான்.

"கைய விட்டுட்டுத்தான் மொதலாளி குனிஞ்சேன். மிஷின் நிக்கல..." ஆஸ்பத்திரியில் முருகையா சொன்னது இது ஒன்றுதான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த மிஷினில் ஒரு பாதுகாப்பு உண்டு. கைப்பிடியோடு சேர்த்து ஒரு கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். பிடித்திருக்கும் வரைதான் ஓடும். கையை எடுத்தால் இன்ஜினும் பிளேடும் நின்றுவிடும். என் வேலிப் பிரவேசத்தின்போது அதுதான் நடந்தது. அப்படி நிற்க வேண்டிய மிஷின் அன்றைக்கு நிற்கவில்லை என்றார் முருகையா.

எல்லோரும் நம்பினோம். நம்பாமல்? விரலைக் கொடுத்த மனுஷன் சொல்கிறார்.

தங்கதுரை அந்த மிஷினை ஷெட்டில் போட்டுத் தார்ப்பாயால் மூடினான். கோயம்புத்தூர் வரை போய், ஆசைப்பட்டு வாங்கி வந்தவன் அவன்தான். அதற்குப் பிறகு அவன் புல்வெளியில் கால் வைத்து நான் பார்க்கவில்லை. ஆபீஸ் ரூமில்கூட ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவான்.

இந்த மே மாதம் ஒரு முடிவு எடுத்தான். தோட்ட வேலை மொத்தத்தையும் வெளியாட்களிடம் விட்டுவிடுவது. அவர்களே ஆட்களோடும் மிஷினோடும் வருவார்கள். சாமான் வைக்க அந்தச் சின்ன வீடும் வேண்டுமாம். முருகையாவுக்குச் சுரண்டைக் கடை வாசலில் ஒரு நாற்காலி. வருகிற லாரியைப் பார்த்துக்கொண்டால் போதும். பேச்சியம்மாளுக்கும் அங்கேயே ஏதாவது பார்த்துத் தரலாம்.

நல்ல மனசோடு எடுத்த முடிவுதான். ஆனால் 'நாற்காலி' என்ற சொல்லைக் கேட்டதும் முருகையாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பேச்சியம்மாள் ஆபீஸ் ரூம் வாசலில் வந்து நின்றார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"மொதலாளி, அந்த மிஷின நான் ஓட்டுதேன்."

"எந்த மிஷின?"

"ஷெட்டுல கெடக்கே, அதத்தான்."

தங்கதுரை நிமிர்ந்தான். "ஒனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? அது ஒரு கைய வாங்குனது போதாதா?"

"மெக்கானிக்க வச்சுப் பாப்போம். கோளாறு இருந்தா சரி பண்ணுவோம். இல்லாட்டா ஓட்டுவோம். தார்ப்பாயப் போட்டு மூடி வைக்கதுக்கா வாங்கியாந்திய?"

தென்காசியிலிருந்து மெக்கானிக் வந்தார். அரை நாள் கழற்றி மாட்டினார். பெல்ட் மாற்றினார், பிளக் மாற்றினார், பிளேடைச் சாணை பிடித்தார். கடைசியில் மிஷினை ஓடவிட்டுக் கம்பியை விட்டு விட்டுப் பார்த்தார். விட்ட ஒவ்வொரு தடவையும் நின்றது.

"இதுல ஒரு கோளாறும் இல்ல அண்ணாச்சி."

"அப்ப அன்னைக்கு ஏன் நிக்கல?"

மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார்.

தங்கதுரைக்குப் பயம் இரண்டு மடங்கானது. தெரிந்த கோளாறைச் சரி செய்யலாம். தெரியாத கோளாறை என்ன செய்வது?

பேச்சியம்மாள் விடவில்லை. கடைசியில் தங்கதுரை வெள்ளிக்கிழமை வரை கெடு வைத்தான். அன்று வந்து பார்ப்பான். மனசு ஒப்பினால் சரி. இல்லையென்றால் வீட்டைக் காலி செய்வது. அதுவரை நான் கூடவே இருக்க வேண்டுமாம்.

"நான் இருந்து என்னலே செய்யப்போறேன்? எனக்கு மிஷினப் பத்தி என்ன தெரியும்?"

"நீ ஒண்ணும் செய்யாண்டாம். அங்கன நில்லு. ஏதாவது ஆச்சுன்னா எனக்கு போனப் போடு."

பத்தி எழுதுகிறவனை உலகம் எதற்கெல்லாம் பயன்படுத்துகிறது பாருங்கள்!

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு வகுப்பு தொடங்கியது. பனி காய்வதற்கு முன் தொடங்கக் கூடாது என்பதில் முருகையா கண்டிப்பாக இருந்தார். ஈரப் புல்லில் இனி அந்த மிஷின் இறங்காது.

முதல் ஒரு மணி நேரம் மிஷினைத் தொடவே விடவில்லை. கையில் சாக்கைக் கொடுத்துப் புல்வெளி முழுக்க நடக்கச் சொன்னார். கல், தென்னை மட்டை, பாட்டில் மூடி... அப்புறம் ஷாம்பு பாக்கெட். குற்றாலத்தில் புல் முளைக்கிறதோ இல்லையோ, ஷாம்பு பாக்கெட் முளைத்துவிடும். நானும் பொறுக்கினேன். ஒற்றைச் செருப்பு மட்டும் மூன்று கிடைத்தது. மற்றச் செருப்போடு ஊர் போய்ச் சேர்ந்த அந்த மூன்று பேர் யாரோ?

"சிரிக்காதிய அண்ணாச்சி. சின்னக் கல்லு ஒண்ணு பிளேடுல பட்டா போதும். குண்டு பாயுத மாதிரி வரும்," என்றார் முருகையா.

பிறகு மிஷின். பிளேடு சுற்றாது, சும்மா நடக்கப் பழக வேண்டும். முருகையா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் புல்வெளி நடுவில் போட்டு, பேச்சியம்மாளைப் பார்க்க உட்கார்ந்துகொண்டார்.

"ஏட்டி, இடது! இடத அமுக்கு!"

மிஷின் வேறு பக்கம் திரும்பியது.

"இடதுன்னா இடதுட்டி! அங்கன எங்க போற?"

பேச்சியம்மாள் மிஷினை நிறுத்தினார். இடுப்பில் கை வைத்தார். "யாருக்கு இடது? ஒங்களுக்கு இடதா, எனக்கு இடதா? எதுக்க உக்காந்துக்கிட்டு கைய வேற ஆட்டி ஆட்டிக் காட்டுனா நான் எதப் பாக்க?"

முருகையா யோசித்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பேச்சியம்மாளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். மிஷின் நகர்ந்தது. அவரும் எழுந்து நகர்ந்தார். முன்னால் மிஷின், அதன் பின்னால் பேச்சியம்மாள், அவர் பின்னால் நாற்காலியும் கையுமாக முருகையா... அன்று முழுக்க ஒரு சப்பரப் புறப்பாடு போலத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை, இதென்ன பெரிய வித்தை என்று நானும் பிடித்துப் பார்த்தேன். அதன் பலனை மேலே சொல்லிவிட்டேன்.

பேச்சியம்மாளுக்கு பைக் ஓட்டத் தெரியாது. அதனால்தான் அவருக்குச் சீக்கிரம் வந்தது என்று நினைக்கிறேன். மறக்க வேண்டியது எதுவும் அந்தக் கையில் இல்லை.

புதன்கிழமை பிளேடு சுற்றியது. சத்தமே மாறிவிட்டது. வயிற்றுக்குள் கேட்கிற மாதிரி ஓர் உறுமல். பேச்சியம்மாள் சேலையை ஏற்றிச் செருகி, மேலே கணவரின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, காலில் கம்பூட்ஸோடு முதல் நடை நடந்தார். திரும்பிப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம்.

"மாடு மோண்டுக்கிட்டே போன மாதிரில்லா இருக்கு," என்றார் முருகையா.

"ஆமா, நீங்க மொத நாளே நேரா போட்டிய..."

"தட்டப் பாத்து நடந்தா அப்படித்தான் போவும். தூரத்துல அந்த மாமரம் தெரியுதா? அதப் பாரு. அதையே பாத்து பைய நட."

அவர் மாமரத்தைப் பார்த்து நடந்தார். கோடு நேராக விழுந்தது. எனக்கே கை தட்ட வேண்டும்போல் இருந்தது. முருகையா கை தட்டவில்லை, "ம்" என்றார். அந்த 'ம்'முக்குப் பேச்சியம்மாள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை சரிவு. சரிவில் மேலும் கீழுமாக ஓட்டக் கூடாது. குறுக்காகத்தான் போக வேண்டும். இறங்கினால் மிஷின் நம்மை ஓடைக்கு இழுத்துக்கொண்டு போகும். ஏறினால் நம் மேலேயே வரும். குறுக்காகப் போவதும் சும்மா இல்லை. உடம்பின் பாரமெல்லாம் ஒரு காலில். கம்பியை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். வழியில் கிடக்கும் ஒரு குச்சியை எடுத்துப்போடக் கையை எடுத்தால் இன்ஜின் நின்றுவிடும். மறுபடி இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

நாலு தடவை இப்படி ஆயிற்று. ஐந்தாவது தடவை பேச்சியம்மாள் கையை உதறிக்கொண்டார். விரல்கள் சிவந்துபோயிருந்தன.

"எளவு, இந்தக் கம்பிதான் உசிர வாங்குது," என்றார். பிறகு ரொம்பச் சாதாரணமாக இடுப்பில் செருகியிருந்த துண்டை உருவினார். "இதக் கைப்பிடியோட சேத்து ஒரு கட்டுக் கட்டிட்டா என்ன? கையும் நோவாது, சும்மா சும்மா நிக்கவும் செய்யாதுல்லா?"

சொல்லிக்கொண்டே சுற்றவும் ஆரம்பித்துவிட்டார்.

நாற்காலி கவிழ்கிற சத்தம் கேட்டது. முருகையா அந்தச் சரிவில் ஓடி வந்தார். துண்டை இடது கையால் பிடுங்கி எறிந்தார்.

"கட்டாதட்டீ!"

ஓடைக்கு அந்தப் பக்கம் மரத்தில் கத்திக்கொண்டிருந்த குரங்குகள்கூட ஒரு நிமிடம் அடங்கிவிட்டன.

பேச்சியம்மாள் திகைத்துப்போனார். "இப்பம் என்ன ஆச்சுன்னு இந்தக் கத்து கத்துதிய?"

முருகையா புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நானும் கட்டித்தான் வச்சிருந்தேன்."

மிஷினின் கைப்பிடியைக் காட்டினார்.

"பழைய சைக்கிள் டியூப்பு. ரெண்டு வருசமா. கம்பிய இதுல சேத்துச் சுத்தி வச்சிருப்பேன். வேல முடிஞ்சதும் அவுத்துருவேன். யாருக்கும் தெரியாது. அன்னைக்கு நான் கைய விட்டுட்டுத்தான் குனிஞ்சேன், அதுல பொய் இல்ல. டியூப்பு விடல."

"நான்தான மொதல்ல ஓடியாந்தேன்? டியூப்பு ஒண்ணும் நான் பாக்கலியே?"

அவர் வலது கையைத் தூக்கி ஓடையைக் காட்டினார்.

"அதுல எறிஞ்சிட்டேன்."

"எப்பம்?"

"வெரலு போன ஒடனே. இடது கையால அவுத்து எறிஞ்சிட்டு... அதுக்கப்பொறம்தான் ஒன்னயக் கூப்புட்டேன்."

இரண்டு விரல் போய்விட்டது. ரத்தம் கொட்டுகிறது. அந்த நேரத்திலும் ஒரு மனிதனுக்கு முதலில் பதறியது மானம்தான். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். வந்த பதில் பிடிக்கவில்லை.

"என்கிட்டகூடச் சொல்லலியே," என்றார் பேச்சியம்மாள். 

"சொன்னா நீ என்னய என்னன்னு நெனப்ப?"

"என்னன்னு நெனப்பேன்? கிறுக்கன்னு நெனப்பேன். அது எனக்குக் கல்யாணமான அன்னைக்கே தெரியும்."

எறிந்த துண்டை எடுத்து வந்தார். முகத்தை அதிலேயே துடைத்துக்கொண்டார். உதறி மறுபடியும் இடுப்பில் செருகினார். பிறகு மிஷினை இழுத்து ஸ்டார்ட் செய்து, மீதிச் சரிவையும் வெட்டி முடித்தார். நடுவில் எத்தனையோ தடவை நின்றது. எத்தனையோ தடவை இழுத்தார். கம்பியை மறுபடி திட்டவில்லை.

சாயங்காலம் டீ குடிக்கும்போது முருகையா என் பக்கத்தில் வந்தார்.

"அண்ணாச்சி, மொதலாளிக்கிட்டச் சொல்லிருவீயளோ?"

"நான் சொல்ல மாட்டேன் முருகையா. நீங்க சொல்லலாமே?"

"பொய் சொன்னவன் பொண்டாட்டிய நம்பி யாரு மிஷினக் குடுப்பா?"

 சொல்லாவிட்டாலும் வேலை போகும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அதைச் சொல்லவில்லை. சில விஷயங்களை அவரவரேதான் யோசித்து எட்ட வேண்டும்.

வெள்ளிக்கிழமை தங்கதுரை வந்தான். புல்வெளியில் இறங்கவில்லை. என் காட்டேஜ் வராந்தாவிலேயே நின்றுகொண்டான்.

பேச்சியம்மாள் சாக்கோடு ஒரு சுற்று நடந்தார். மிஷினை எடுத்தார். மாமரத்தைப் பார்த்து நடந்தார். சமதரையில் பட்டை பட்டையாகக் கோடு. சரிவில் குறுக்காகப் போனார். முடித்ததும் பிளேடை நிறுத்தி, இன்ஜினை நிறுத்தி, பிளக்கிலிருந்து வயரைக் கழற்றி வைத்தார். அதற்குப் பிறகுதான் தட்டுக்கடியில் ஒட்டியிருந்த புல்லைச் சுரண்டினார். அதுவும் ஒரு நீளக் குச்சியால்.

ஒரு குறை சொல்ல முடியாது. தங்கதுரையும் சொல்லவில்லை.

"நல்லா ஓட்டுத பேச்சி. ஆனா அன்னைக்கு அது ஏன் நிக்கலன்னு இன்னும் தெரியல. அது தெரியாம ஒன்னய அதுக்குப் பின்னால விட எனக்கு மனசு வரல. இன்னொரு கைய என்னால பாக்க முடியாது தாயி. வேண்டாம்."

பேச்சியம்மாள் கணவரைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. பிறகு கையுறையைக் கழற்ற ஆரம்பித்தார்.

"மொதலாளி..."

முருகையா வராந்தா அருகே வந்து நின்றார்.

"அது நின்னுருக்கும் மொதலாளி. நான்தான் நிக்க விடல."

எல்லாவற்றையும் சொன்னார். டியூப்பை, ஓடையை, முதலில் எதைச் செய்தார் என்பதை. ஒன்றையும் குறைக்கவில்லை.

தங்கதுரை வராந்தாப் படியில் உட்கார்ந்துவிட்டான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. அவன் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"ஒரு வருசம்லே... ஆசப்பட்டு ஒரு மிஷின வாங்கியாந்து ஒரு மனுசன் கைய எடுத்துட்டேன்னு ஒரு வருசமா நெனச்சிக்கிட்டிருக்கேன். சோறு எறங்கல எனக்கு. கடையில ஒருத்தன் அருவா வாங்க வந்தாக்கூட அவன் கையில குடுக்க மாட்டேன். மேசையில வச்சு எடுத்துக்கச் சொல்லுவேன். தெரியுமா ஒனக்கு?"

 "தெரியாது மொதலாளி. ஒங்களுக்கு அப்படி இருக்கும்னு... சத்தியமா எனக்குத் தெரியாது."

அவருக்கு மட்டுமா தெரியாது? வருடம் முழுக்க அவன் காட்டேஜிலேயே உட்கார்ந்து மனித மனம் பற்றியெல்லாம் பத்தி எழுதிய எனக்கும் தெரியாது.

தங்கதுரை எழுந்தான். புல்வெளியில் இறங்கி நடந்தான். சரிவைத் தாண்டி, ஓடை வரை போய் நின்றான். நாங்கள் மூன்று பேரும் நின்ற இடத்திலேயே நின்றோம். அவன் முதுகுதான் தெரிந்தது.

திரும்பி வந்தவன் நேராக மிஷினிடம் போனான்.

"வயர மாட்டு பேச்சி. ஸ்டார்ட் பண்ணு."

இன்ஜின் உறுமியது. தங்கதுரை கைப்பிடியைப் பிடித்தான். கம்பியை அழுத்தினான். பிளேடைச் சுற்றவிட்டான். பிறகு இரண்டு கையையும் தூக்கினான்.

நின்றது.

"இன்னொரு தடவ."

நின்றது.

மூன்றாவது தடவையும் நின்றபோது சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். புல் தூசி என்றான். நாங்களும் ஆமாம் என்றோம்.

"வேல ஒன் பேருலதான் பேச்சி. வீட்டக் காலி பண்ணாண்டாம். முருகையா, தெனமும் மிஷின் வெளிய வரதுக்கு முன்ன இதே மாதிரி மூணு தடவ நீ விட்டுப் பாக்கணும். ஒரு தடவ நிக்கலன்னாலும் எனக்கு போன் வரணும். என்கிட்டப் பொய் சொன்னதுக்கு நான் ஒன்கூட ஒரு மாசம் பேச மாட்டேன். அது தனி."

பத்து நிமிடம் கழித்து ஆபீஸ் ரூமிலிருந்து அவன் குரல் கேட்டது: "ஏலே முருகையா, சாப்டியாலே?"

ஒரு மாசம் அவ்வளவு சீக்கிரம் முடிந்து நான் பார்த்ததில்லை.

இப்போது சீசன் தொடங்கிவிட்டது. சாரல் ஓய்ந்து வெயில் எட்டிப் பார்க்கிற நாளில், புல் காய்ந்ததும் பேச்சியம்மாள் இறங்குவார். விருந்தாளிகள் போனைத் தூக்கிப் படம் எடுக்கிறார்கள். 'கஷ்டமா இல்லையாக்கா?' என்று கேட்டால், "கைதான் கொஞ்சம் நோவும்," என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார். முருகையா இடது கையால் செடி கத்தரிக்கப் பழகிவிட்டார்.

இதையெல்லாம் எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். 

"எழுதுங்க அண்ணாச்சி. எவனாவது ஒருத்தன் டியூப்ப அவுப்பாம்லா?"

எவனாவது ஒருத்தன்... யோசித்துப் பார்த்தால் டியூப் கட்டாதவர் யார்? ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று தடிக் கம்பியைச் சுற்றிவைக்கிறோம். ஹெல்மெட்டைத் தலைக்குப் பதிலாகப் பெட்ரோல் டேங்குக்குப் போடுகிறோம். நம்மைக் காப்பாற்ற வைத்த பொருள் நமக்கு எப்போதும் ஒரு தொந்தரவு. கை வலிக்கிறது, நேரமாகிறது, தலை வியர்க்கிறது. அதன் வாயைக் கட்டிவிடுகிறோம். அப்புறம் ஒருநாள், அது ஏன் கத்தவில்லை என்று அதன் மேலேயே பழியும் போடுகிறோம்.

என் காரில் ஒரு கிளிப் இருந்தது. சீட் பெல்ட் போடாவிட்டால் கார் கூப்பாடு போடுமே, அதை ஏமாற்ற. பெல்ட்டை விட்டுவிட்டு அதன் நாக்கை மட்டும் தனியாகச் செருகிய மாதிரி. வாங்கி எத்தனை நாளாயிற்று என்பதுகூட மறந்துவிட்டது. அன்று குற்றாலத்திலிருந்து வீடு திரும்பும்போது இலஞ்சி தாண்டி வண்டியை ஓரங்கட்டினேன். அதைப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் பெல்ட்டை மாட்டினேன்.

ரொம்ப இறுக்குகிறது. பெல்ட்டைக் குற்றம் சொல்ல முடியாது — வயிறு என்னுடையது.